மருந்து டேங்க் சுமக்கும் முதுகு யாருடையது?

தமிழில் ஒரு சொல் நம்மை நெடுநாளாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, காபிச் செடிக்கு அடிப்பதும் மருந்து. ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால், ‘எஸ்டேட்டுக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்கிறது பிள்ளை. மருந்து என்று பெயர் வைத்தவுடன் பயம் போய்விடுகிறது. பயம் போனால் கையுறையும் போய்விடுகிறது. புட்டிக்குள் இருப்பது நஞ்சு. பூச்சியின் நரம்பை முடக்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட அந்த நஞ்சு, மனிதனின் நரம்பையும் அதே வழியில்தான் தாக்குகிறது.

ஏற்காட்டு மலையில் அந்த நஞ்சை முதுகில் சுமப்பவர்கள் யார்? ஏன் எப்போதும் அவர்களே சுமக்கிறார்கள்? சுமப்பவர்களைக் காப்பாற்ற சட்டம் என்ன சொல்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் இன்று எழுப்ப விரும்புகிறோம்.

காபியும் துளைப்பானும்

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்கு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. காடு திருத்தியதும், குழி வெட்டியதும், பழம் பறித்ததும், மூட்டை சுமந்ததும் இந்த மண்ணின் மக்களான மலையாளிப் பழங்குடியினரும், சமவெளியிலிருந்து பிழைப்புத் தேடி மேலேறிய ஒடுக்கப்பட்ட குடும்பங்களும்தான். எஸ்டேட்டின் பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இல்லை. பலருக்குச் சம்பளப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் மட்டும் இருக்கிறது.

இங்கு அதிகம் விளைவது அராபிகா ரகம். அதற்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுமுறையும் இந்த வண்டு வெளியே பறந்து, பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் நுழைந்துவிட்டால் மாதக்கணக்கில் உள்ளிருந்தே தின்னும். செடி வாடும், பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காய்களைத் துளைக்கும் இன்னொரு பூச்சி 1990-இல் நீலகிரியின் கூடலூர் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு தென்னிந்தியக் காபி மலைகள் பலவற்றுக்கும் பரவியது.

இவற்றுக்கு எதிராகக் காலத்துக்கு ஒரு ரசாயனம் வந்தது. தண்டுத் துளைப்பானுக்கு லிண்டேன் அடித்தார்கள். அது பின்னர் நாட்டில் தடை செய்யப்பட்டது. காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்பான் அடித்தார்கள். அதற்கு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இன்று காபித் தோட்டங்களில் அதிகம் புழங்குவது குளோர்பைரிபாஸ். தனியாகவும் கிடைக்கிறது, சைபர்மெத்ரின் கலந்தும் கிடைக்கிறது. 1965-இல் சந்தைக்கு வந்த இந்தச் செயற்கைப் பூச்சிக்கொல்லியைப் பருத்திக்கும் நெல்லுக்கும் அடிக்கிறார்கள். வீடு கட்டும்போது கரையான் வராமலிருக்க அஸ்திவாரத்திலும் ஊற்றுகிறார்கள். நம் ஊர்களில் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்.

இதனால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இரண்டு ஏக்கர் காபியை நம்பிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் சிறு விவசாயிக்குத் துளைப்பான் விழுந்தால் அது குடும்பத்தின் மேல் விழுந்த இடி. அந்தக் கவலை நமக்குப் புரிகிறது. பயிரைக் காப்பாற்றும் செலவில், தெளிப்பவரின் உயிரைக் காப்பாற்றும் செலவு ஏன் சேரவில்லை என்பதே நம் கேள்வி.

உடலுக்குள் என்ன நடக்கிறது

நம் உடலில் நரம்பு தசைக்கு ஒரு கட்டளை அனுப்பியதும், அந்தக் கட்டளையைத் துடைத்து அழிக்க ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் கோலினெஸ்டரேஸ். குளோர்பைரிபாஸ் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டளை அழியாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதனால்தான் வியர்வை கொட்டுகிறது, எச்சில் ஊறுகிறது, கண்ணில் நீர் வடிகிறது, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்குகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு என்று முற்றி, கடைசியில் மூச்சு முட்டுகிறது. சைபர்மெத்ரின் பட்டால் முகத்திலும் கையிலும் எரிச்சலும் ஊறலும் எடுக்கும்.

இந்த நஞ்சு மூக்கு வழியாக மட்டும் போவதில்லை. தெளிப்பவரின் உடலுக்குள் பெரும்பகுதி போவது தோல் வழியாகத்தான். மூடி சரியாகப் பொருந்தாத டேங்கிலிருந்து கசிவது முதுகை நனைக்கிறது. நனைந்த சட்டையோடு மாலைவரை நிற்கிறார். மூக்கில் கட்டிய துண்டு நஞ்சைத் தடுப்பதில்லை; நனைந்துவிட்டால் அந்தத் துண்டே நஞ்சைத் தாங்கி முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறார். கை கழுவாமல் பீடி பற்றவைக்கிறார், வெற்றிலை போடுகிறார். மலைச்சரிவில் மேல்வரிசைக்கு ஒருவர் அடிக்கும்போது, கீழ்வரிசையில் நிற்பவர் தலையில் அது சாரலாக இறங்குகிறது.

அன்று மாலை தலைவலி, மயக்கம் என்றால் ‘பித்தம்’ என்கிறோம், ‘வெயில்’ என்கிறோம். ஏற்காட்டில் ஏது அவ்வளவு வெயில்? சிலர், வேலை முடிந்து கொஞ்சம் சரக்கு போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று நம்புகிறார்கள். அது முறிக்காது, நஞ்சின் அறிகுறியைப் போதை என்று நினைக்கவைத்து, மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் திருடிவிடும்.

நஞ்சு தெளித்தவரோடு நிற்பதும் இல்லை. அதே சட்டை லைன் வீட்டுக்கு வருகிறது. அதைத் துவைப்பவர் மனைவி. அந்தத் துணியோடு பள்ளிச் சீருடையும் நனைகிறது. கழுவிய டேங்கின் தண்ணீர் ஓடையில் கலக்கிறது. கீழே இருக்கும் குடியிருப்பு அந்த ஓடையை நம்பி வாழ்கிறது. குளோர்பைரிபாஸ் மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு. காலியான கேன் தண்ணீர்க் குடமாகவும் மண்ணெண்ணெய்க் கேனாகவும் மறுபிறவி எடுக்கிறது.

வளரும் குழந்தைகளின் மூளையை இது பாதிக்கும் என்ற கவலையால் அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலேயே வீடுகளுக்குள் இதைப் பயன்படுத்துவதை நிறுத்த முடிவெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் இதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2025-இல் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு இதை ஒழிக்கப்பட வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தன. இந்தியாவில் 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் இருந்தது. பட்டியல் சுருங்கியது, இது தப்பித்துக்கொண்டது. தற்கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 60 நாட்களுக்குத் தடை விதித்த ஆறு பூச்சிக்கொல்லிகளிலும் இது ஒன்று. அறுபது நாள் கடந்ததும் மீண்டும் கடைக்கு வந்துவிட்டது.

ஏன் எப்போதும் நம் முதுகு?

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். அந்த விளக்கத்தை எந்தக் கிராமத்திலும் சோதித்துப் பார்க்கலாம். செத்த மாட்டைத் தூக்குவது யார்? சாக்கடைக்குள் இறங்குவது யார்? நாற்றமும் ஆபத்தும் எந்த வேலையில் இருக்கின்றனவோ, அந்த வேலை தானாகவே கீழிறங்கி, நிலமில்லாத, எதிர்த்துப் பேச முடியாத குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறது. மருந்து டேங்கும் அப்படித்தான் வந்து நின்றது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலைக்கும் கிடங்குச் சாவிக்கும் ஒரு சாதி. டேங்க் சுமக்க இன்னொரு சாதி. இதற்கு எழுதப்பட்ட விதி கிடையாது. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது.

‘கூலி கூடுதலாகக் கொடுக்கிறோமே, அவர்களாகத்தானே வருகிறார்கள்’ என்று சிலர் சொல்வார்கள். லைன் வீட்டில் குடியிருப்பவன் வேலையை மறுத்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் வேறு வேலை கிடைக்காது. வாங்கிய முன்பணம் கழுத்தில் இருக்கிறது. இத்தனையும் சூழ்ந்து நிற்க ஒருவர் தலையாட்டினால், அதற்குப் பெயர் சம்மதம் அல்ல. ‘உறை மாட்டினால் புழுங்குகிறது என்று அவர்களே கழற்றிவிடுகிறார்கள்’ என்றும் சொல்வார்கள். கீழே சமவெளியின் பருத்திக் காட்டில் அந்தப் பேச்சுக்கு ஓரளவு நியாயம் உண்டு. பனி இறங்கும் ஏற்காட்டுக் காலையில் அந்தச் சாக்கு எடுபடாது.

முன்பே எரிந்த விளக்குகள்

எச்சரிக்கைகள் நமக்குப் புதிதல்ல. 1958-இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியோடு வந்த உணவுப்பொருளில் நஞ்சு கலந்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பாரத்தியானின் வணிகப் பெயர்தான் ஃபோலிடால். நம் ஊரில் ‘பாலிடால்’ என்று நஞ்சுக்கே பொதுப்பெயராகிப்போன சொல். அந்தச் சாவுகளுக்குப் பிறகே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

காசர்கோட்டில் அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அதே 2017-இல் மராட்டியத்தின் யவத்மாலில் பருத்திக்கு நஞ்சு தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் அதே ஆண்டு பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள்.

சாக்கடைக்குள் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடிய போராட்டத்தால் கிடைத்த தீர்ப்பு அது. சாக்கடைச் சாவைச் சாதியோடு சேர்த்துப் பார்க்க நாடு கற்றுக்கொண்டது. தோட்டத்தில் நஞ்சு சுமப்பவரின் நோயை இன்னும் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அது ‘விபத்து’, ‘கவனக்குறைவு’, ‘குடிப்பழக்கம்’ என்ற தலைப்புகளில் புதைந்துபோகிறது.

சட்டம் இருக்கிறது

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. 2010-இல் அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது. பூச்சிக்கொல்லியைக் கையாளுவது, கலப்பது, தெளிப்பது, சேமிப்பது ஆகியவற்றில் தொழிலாளரின் பாதுகாப்புக்கு எஸ்டேட் உரிமையாளரே பொறுப்பு என்று அந்தத் திருத்தம் சொன்னது. மேற்பார்வைக்குத் தகுதியுள்ள ஆள் வேண்டும். தெளிப்பவருக்குப் பயிற்சி வேண்டும். பாதுகாப்பு உடையும் கருவியும் தர வேண்டும். குளிக்க, கழுவ, உடை மாற்ற இடம் வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து, அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். இந்தக் கடமைகள் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கின்றன.

இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. பாஸ்பரசும் அதன் நச்சுச் சேர்மங்களும் உண்டாக்கும் நோய்கள் தொழில்சார் நோய்கள் என்று 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே பட்டியலிட்டது. குளோர்பைரிபாஸ் ஒரு கரிம பாஸ்பரஸ் நஞ்சு. ஆனால் இழப்பீடு கேட்க, வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். மேஸ்திரியின் பாக்கெட் நோட்டு ஆதாரமாகாது என்பது உரிமையாளருக்குத் தெரியும். ஆகவே பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான் முதல் கவசம். முகமூடியும் கையுறையும் அதற்கு அடுத்தவை.

மாணவர்களுக்கு ஒரு வேலை

நாகலூரிலும் செம்மநத்தத்திலும் மஞ்சக்குட்டையிலும் பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் வீட்டில் பலருக்கு லேபிளைப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மூடியைத் திறக்காமல் லேபிளை மட்டும் படித்து வீட்டாருக்குச் சொல்லுங்கள். லேபிளில் சாய்சதுரத்துக்குள் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்த கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சை என்றாலும் குடிநீர் ஆகிவிடாது. புட்டியோடு ஒரு துண்டுத் தாள் வர வேண்டும். அதில் நஞ்சு முறிவு பற்றியும் எழுதியிருக்க வேண்டும். சில்லறையாக வேறு புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் சொல்ல வேண்டியவை இன்னும் சில. கையால் கலக்கக் கூடாது, நீண்ட குச்சியால் கலக்க வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. சரிவில் கீழே ஆள் நிற்கும்போது மேலே அடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கமே போகக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலிக் கேனைக் கழுவி, ஓட்டை போட்டுவிட வேண்டும்.

யாருக்காவது மயக்கமோ வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால், உடனே வேலையை நிறுத்தி, நனைந்த உடையைக் கழற்றி, உடலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போனால் ஆபத்து அதிகம். பால், மோர் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். லேபிளையும் கூடவே கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் அட்ரோபின் ஊசியைத் தாமதமில்லாமல் போட முடியும்.

நாம் கேட்பது

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். மூச்சு முட்டும் மனிதனுக்கு அது நீண்ட வழி. ஆகவே மலைமேல் உள்ள அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அட்ரோபினும் பிராலிடாக்சிமும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி நச்சு என்று வரும் ஒவ்வொருவரிடமும் ‘வேலையில் நடந்ததா?’ என்று கேட்டுப் பதிய வேண்டும். பதிவு இல்லாத நோய்க்குத் திட்டம் வராது.

தெளிக்கும் பருவம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தெளிப்பவர்களுக்குக் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த வகை நஞ்சைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளருக்கு அது சட்டப்படி கட்டாயம். அங்குள்ள தொழிலாளியின் ரத்தமும் இங்குள்ள தொழிலாளியின் ரத்தமும் ஒன்றுதான்.

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் அலுவலக அறையோடு திரும்பிவிடாமல், பம்பு கழுவும் இடம்வரை நடந்து பார்க்க வேண்டும். ஒப்பந்த ஆட்கள் உட்பட ஒவ்வொரு தெளிப்பாளரின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். 1951 சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தி வந்தது. அதற்குக் கீழே உள்ள சிறு தோட்டங்களுக்கு உடையும் பயிற்சியும் தரும் பொறுப்பை அரசும் காபி வாரியமும் ஏற்க வேண்டும்.

நஞ்சைக் குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுப்பது, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, நிழல் மரங்களைக் காப்பது, உதிர்ந்த காய்களை விடாமல் பொறுக்குவது ஆகியவை காபித் தோட்டங்களுக்குத் தெரிந்தவையே. நிழல் குறைந்த, வெயில் விழும் தோட்டத்தையே தண்டுத் துளைப்பான் விரும்பி வருகிறது. இந்த முறைகளுக்கு ஆட்கூலி கூடும் என்பது உண்மை. அந்தக் கூலி நம் மக்களுக்குத்தானே வரப்போகிறது? நஞ்சுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு நல்ல வேலையாக மாறினால் தோட்டத்துக்கும் நட்டமில்லை.

ஏற்காட்டுக் காபியை ருசித்துக் குடிக்கும் ஊர்கள் பல. அந்தக் கோப்பையில் எவ்வளவு நஞ்சு மிச்சம் என்று சோதிக்க ஆய்வகங்கள் இருக்கின்றன. அதை விளைவித்தவரின் ரத்தத்தில் எவ்வளவு என்று சோதிக்க இந்த மலையில் என்ன ஏற்பாடு இருக்கிறது? அடுத்த பருவத்துக்கு டேங்க் தோளில் ஏறுவதற்கு முன்பு மாவட்ட நிர்வாகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.